நீலகிரி மலை ரயில் மாதிரி: 8 அடிப் பலகையில் மலைச்சரிவை எப்படி அமைப்பது?

மலைத்தடம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடொன்றின் இரண்டாம் தளத்தில் வசிக்கும் நான், நீலகிரி மலை ரயில் பாதையில் பற்சட்டம் (ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசை) பொருத்தப்பட்டுள்ள கல்லாறு–குன்னூர்ப் பகுதியை 1:120 அளவில் மாதிரியாக அமைக்கத் திட்டமிட்டிருக்கிறேன். ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதைக்கு இந்த அளவில் 9 மி.மீ. அகலத் தண்டவாளம் ஏறத்தாழப் பொருந்திவிடுவதால் 'என்' ஸ்கேல் (9 மி.மீ. அகலத் தடத்தில் ஓடும் மாதிரி ரயில் வகை) தண்டவாளத்தையே பயன்படுத்த முடிகிறது. ஃபிளைஷ்மன் நிறுவனத்தின் 'என்' ஸ்கேல் பற்சட்டப் பாதையும், அதில் ஏறக்கூடிய பல்சக்கர எஞ்சின் ஒன்றும் கைவசம் உள்ளன. நீலகிரியின் 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சினைப் போன்ற மேற்கூட்டை அட்டையில் செய்து அதன்மீது பொருத்திக்கொள்வேன். எனவே ரயில் ஓடுமா என்ற கவலை எனக்கில்லை. அது ஓட வேண்டிய மலையைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பலகை 8 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. கூடத்துச் சுவரை ஒட்டி நிற்கும் என்பதால் முன்பக்கத்திலிருந்து மட்டுமே கை நீட்டிப் பராமரிக்க முடியும். இடது கோடியில் கல்லாற்றுப் பாக்குத் தோப்புகள், நடுவில் ஒரு பெரிய பாலமும் இரண்டு குகைப்பாதைகளும், வலது கோடியில் தேயிலைத் தோட்டத்துடன் குன்னூர் நிலையம் என்று வரைந்து வைத்திருக்கிறேன். மலையின் உடலைத் தெர்மாகோலால் அடுக்குவதா, கம்பிவலையின்மீது பிளாஸ்டர் பூசுவதா? வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் புல், மரம், பாறை அச்சுகள் எல்லாம் சுங்க வரியோடு சேர்த்தால் எஞ்சினை விட அதிக விலையாகின்றன. இங்கேயே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு எந்த அளவுக்குச் செய்ய முடியும்? ஏற்கெனவே மலைப்பாதை மாதிரிகளைச் செய்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைக்காரர்

வணக்கம் நண்பரே. பொருள்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் வரைபடத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கல்லாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,700 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடையிலுள்ள பாதை ஏறத்தாழ 20 கி.மீ. நீளமுடையது. இதை 1:120 என்ற அளவில் அப்படியே சுருக்கினாலும் 160 மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 11 மீட்டர் உயரமும் வேண்டும். உங்கள் பலகையின் 8 அடியோ, உண்மைப் பாதையில் 290 மீட்டருக்குச் சமம். பாக்குத் தோப்பையும் குன்னூர் நிலையத்தையும் அதற்குள் எதிரெதிராக நிறுத்தினால் பார்ப்பவர்களுக்கு இரண்டும் தெரியும், மலை தெரியாது.

ஆகவே ஏதேனும் ஓர் இடத்தின் 290 மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. பாதையின் உச்ச ஏற்றம் 12-க்கு 1. உங்கள் பலகையில் அது 8 அடிக்கு 8 அங்குலம் ஏறும். சாதாரண மாதிரி ரயில்களில் காண முடியாத ஏற்றம் இது. சாதாரண எஞ்சின்கள் 100-க்கு 2 அல்லது 3 என்ற ஏற்றத்திலேயே திணறத் தொடங்கும். இந்தப் பாதையின் சிறப்பே அந்தச் சாய்வுதான் என்பதால், அதைக் குறுக்கிடும் எதையும் பலகையில் சேர்க்க வேண்டாம். வளைவுகளும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கின்றன. அங்குள்ள மிகக் கூர்மையான வளைவின் ஆரம் ஏறத்தாழ 100 மீட்டர்; 1:120 அளவில் அது 83 செ.மீ. ஆகிறது. பொதுவாக மாதிரிகளில் வளைவை உண்மையை விடப் பல மடங்கு இறுக்க வேண்டியிருக்கும், இங்கே உண்மை ஆரத்தையே போடலாம். பாதையை வட்டமாக மூடாமல், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்புவதாக வைத்துக்கொண்டால் போதும்.

இனி குறுக்குவெட்டு. முன்பக்கம் பள்ளத்தாக்கு, பின்பக்கம் மலை, இரண்டுக்கும் நடுவே மலையைச் செதுக்கி எடுத்த ஒரு படியாகத் தடம் என்று அமையுங்கள். தடம் முன்விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே போகட்டும். தட்டையான பிளைவுட் பலகையின்மேல் மலையைக் கட்டியெழுப்பினால் தடத்துக்குக் கீழே பள்ளம் கிடைக்காது. எனவே மரச்சட்டங்களை ஏணி போலக் கட்டி, அவற்றின்மேல் தாங்குகட்டைகளை நிறுத்தி, தடம் போகும் பட்டையை மட்டும் 9 மி.மீ. பிளைவுட்டில் அறுத்து வைக்க வேண்டும். பட்டை கீழ்க்கோடியில் சட்டத்திலிருந்து 6 அங்குல உயரத்தில் தொடங்கினால் மேற்கோடியில் 14 அங்குலம் வந்துவிடும். ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் திடீர் மடிப்பு விழாமல் பட்டையை மெல்ல வளைத்து ஏற்றுங்கள், இல்லையென்றால் பல்சக்கரம் பற்சட்டத்திலிருந்து மேலெழும்பிவிடும்.

மலைக்கு உச்சி வைக்கவே வேண்டாம். புதிதாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் பலகைக்குள்ளேயே ஒரு மலையைத் தொடங்கி, சிகரம் வைத்து, முடித்தும் விடுகிறார்கள். அதனால் மலை கோயில் கொலுவில் வைக்கும் குன்றாகத் தோன்றிவிடுகிறது. பின்பக்கச் சரிவு பலகையின் மேல்விளிம்பில் அறுபட்டு நிற்கட்டும். முன்பக்கப் பள்ளத்தாக்கும் அடிவரை போகாமல் விளிம்பில் அறுபடட்டும். மலை நம் பார்வைக்கு அப்பாலும் தொடர்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் வரும்.

தெர்மாகோலா பிளாஸ்டரா என்ற கேள்விக்கு வருகிறேன். தெர்மாகோலை அறுத்தால் உதிரும் வெள்ளைக் குண்டுமணிகள் நிலைமின்னூட்டத்தால் கையிலும் தண்டவாளத்திலும் ஒட்டிக்கொண்டு பெரும் தொல்லை தரும். கரைப்பான் கலந்த ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைக் கரைத்துவிடும். மொட்டை மாடியில் வெப்பத்தடுப்புக்குப் போடும் அடர்நுரைப் பலகை கிடைத்தால் அது எவ்வளவோ மேல். கத்தியால் செதுக்கலாம், அதிலேயே கல் வரிகளைக் கீறவும் செய்யலாம். இருப்பினும் நான் இதற்குப் பரிந்துரைப்பது உள்ளே வெற்றிடமாக இருக்கும் மெல்லிய பிளாஸ்டர் ஓடுதான். அட்டைப் பட்டைகளைப் பின்னி வலையாக்கி, அதன்மீது மருந்துக்கடையில் மாவுக்கட்டுப் போடுவதற்கென்று விற்கும் பிளாஸ்டர் தோய்ந்த துணிச்சுருளை நனைத்து இரண்டடுக்காகப் போர்த்துங்கள். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். 3 மி.மீ. தடிப்பு என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் பலகை முழுவதற்கும் சேர்த்து ஏழெட்டுக் கிலோவுக்கு மேல் வராது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அடர்லி நிலையத்துக்கும் ஹில்குரோ நிலையத்துக்கும் நடுவே என்றால் அடர்ந்த காடும் பாறையும். ரன்னிமேடு நிலையம் தாண்டி என்றால் தேயிலை தொடங்கிவிடும். இரண்டையும் கேட்காதீர்கள்.

வெட்டுப்பாறை

பட்டறைக்காரர் ஐயா மலையின் உடலைச் சொல்லிவிட்டார், நான் அதன் தோலைப் பற்றிச் சொல்கிறேன். நீலகிரியின் பாறை சார்னோக்கைட் வகையைச் சேர்ந்தது. சென்னைக்கருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பதும் இதே இனம்தான். புதிதாக உடைந்த முகம் கருநீலச் சாம்பல் நிறமாகவும் சற்றே எண்ணெய் பூசியது போலவும் இருக்கும். காற்றும் மழையும் பட்ட முகம் பழுப்பேறி, நீர் வழிந்த இடங்களில் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கடையில் வாங்கும் ரப்பர் பாறை அச்சுகளில் பல, கிடையாக அடுக்கடுக்காகப் படிந்த படிவுப் பாறைகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றை வார்த்து ஒட்டினால் பாறை நன்றாகவே இருக்கும், ஆனால் அது நீலகிரியாக இருக்காது. அந்தச் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையில் இரண்டு வகைப் பாறை முகங்களைக் காணலாம், இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். இயற்கையாகச் சரிவில் துருத்திக்கொண்டிருப்பவை தோலுரிந்து உருண்டு வழவழப்பாக இருக்கும். தடத்துக்காக வெடிவைத்துப் பிளந்த வெட்டுகளும் குகை வாய்களும் கோணல்மாணலாக, கூரிய விளிம்புகளோடு இருக்கும். முதல் வகைக்கு, ஓட்டின்மீது பிளாஸ்டரைத் தடிப்பாகப் பூசி, இறுகும் தறுவாயில் ஈர விரலால் தடவி உருட்டிவிட்டால் போதும். இரண்டாம் வகைக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, பாதி விரித்து, அதன் பள்ளங்களில் பிளாஸ்டரை ஊற்றி, அது கூழ்ப்பதம் தாண்டியதும் தாளோடு மலைமேல் அழுத்திப் பிடியுங்கள். இறுகிய பின் தாளை உரித்துவிட்டு, பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போதே பழைய ஸ்க்ரூடிரைவரால் செங்குத்தான பிளவுகளைக் கீறுங்கள். நன்றாக உலர்ந்துவிட்டால் கீறல் தூளாக உதிருமே தவிர உடையாது. பிளாஸ்டர் வேகமாக இறுகுகிறது என்றால் கலக்கும் நீரில் சில துளி எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்கலாம். உப்பு அதற்கு நேரெதிராக இறுகலை விரைவுபடுத்தும்.

வண்ணத்தைத் தூரிகையால் பூசாமல் நீராகப் பாய்ச்ச வேண்டும். காவி, பழுப்பு, சாம்பல் ஆகிய அக்ரிலிக் வண்ணங்களைத் தனித்தனியே பால் போல நீர்க்கக் கரைத்து, முதல் இரண்டையும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகத் தொட்டு வைத்து, அவை உலர்வதற்கு முன் சாம்பல் நிறத்தை மேலிருந்து வழியவிடுங்கள். நீர் தானே பள்ளங்களைத் தேடிப் போய்த் தேங்கும், மேடுகள் வெளிறி நிற்கும். கடைசியில் மிக நீர்த்த கருமையை மேலிருந்து கீழாக மட்டும் இழுக்கவும்; மழைநீர் எந்தத் திசையில் ஓடுமோ அந்தத் திசையில்.

ஓடு எப்போதாவது இடிபட்டு உடைந்தால் உள்ளிருந்து வெள்ளை பளிச்சென்று தெரியாமலிருக்க, பழைய வீடுகளின் காவித் தரைக்குப் பயன்பட்ட சிவப்பு ஆக்சைடு பொடியைப் பிளாஸ்டரிலேயே சிறிது கலந்துவிடலாம். ஆனால் கறுப்பு ஆக்சைடு பொடியைத் தடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம், அது காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்புச் சேர்மம். தூளாக உதிர்ந்தால் எஞ்சினின் மோட்டாருக்குள் போய்விடும். சரிவுக்கு உண்மையான செம்மண்ணையே பயன்படுத்துவதாக இருந்தாலும், அதை வாணலியில் வறுத்து, மெல்லிய துணியில் சலித்து, காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மண்ணுக்குள் பலமுறை துழாவியெடுத்த பிறகே தூவ வேண்டும். ஒட்டிய பின் மண் ஒரு படி கறுத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் ஆண்டுதோறும் மண்சரிந்து ரயில் நிறுத்தப்படும் பாதை இது. எனவே மலைப்பக்கத்தில் ஓரிடத்திலாவது, புல் முளைக்காத புதிய செம்மண் காயம் ஒன்றையும், அதன் அடியில் நீர் வடியும் துளைகளோடு கூடிய கருங்கல் தடுப்புச்சுவரையும் வையுங்கள். தடத்தின் மலைப்பக்க ஓரத்தில் வடிகால் வாய்க்கால் ஒன்று கட்டாயம் வேண்டும். இவை இல்லாத மலைப்பாதையை எந்தப் பொறியாளரும் கட்டியிருக்க மாட்டார்.

மலைத்தடம்

இருவருக்கும் மிக்க நன்றி. கணக்கைப் பார்த்த பின் வரைபடத்தைக் கிழித்துவிட்டேன். ரன்னிமேட்டுக்கும் காட்டேரிக்கும் இடைப்பட்ட பகுதியைப் போன்ற ஒரு சரிவை, குகை எதுவும் இல்லாமல், கல்தூண்கள் மீது இரும்பு உத்தரம் அமைந்த ஒரு சிறிய பாலத்தோடு செய்யப்போகிறேன். தடத்துக்குக் கீழே தேயிலை, மேலே மரங்கள். இப்போது தாவரங்களைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? சவுக்குத் தோப்பிலிருந்து கொண்டுவந்த காய்ந்த குச்சிகளில் பஞ்சை ஒட்டிப் பார்த்தேன். அவ்வளவாக மனத்துக்குப் பிடிக்கவில்லை. நிலையம் இல்லாத மலையில் பார்ப்பவர்களுக்குச் சுவையாக வேறு என்ன வைக்கலாம் என்றும் யோசிக்கிறேன்.

பசுந்தளிர்

தேயிலையைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் மாதிரிகளில் மிகவும் தவறாகச் செய்யப்படுவது அதுதான். தேயிலைத் தோட்டம் என்றவுடன் உருண்டையான புதர்களை வரிசையாக நட்டுவிடுகிறார்கள். உண்மையில் கொழுந்து பறிப்பதற்கு வசதியாக இடுப்பளவு உயரத்தில் கவாத்து செய்து (கிளைகளை வெட்டி) வைத்திருப்பதால், செடிகளின் மேற்பரப்பு ஒரே மட்டமாகச் சரிவோடு சேர்ந்து விரிந்திருக்கும். தனிச்செடி என்பது கண்ணுக்குத் தெரியாது, ஆட்கள் நடக்கும் குறுகலான தடங்கள் மட்டுமே அந்தப் பரப்பைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். உங்கள் அளவில் அதன் உயரம் 6 அல்லது 7 மி.மீ.தான். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை வாங்கி, விரலகலப் பட்டைகளாக வெட்டி, ஓரங்களைப் பிய்த்துச் சொரசொரப்பாக்கி, சரிவின் சம உயரக் கோடுகளைப் பின்பற்றி ஒட்டுங்கள். வரிசைகளை மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் இறக்க வேண்டாம். பிறகு மேல்மட்டத்தில் மட்டும் நீர்த்த ஃபெவிகாலைத் தொட்டு, இளமஞ்சள் கலந்த பச்சைத் தூளைத் தூவினால் கொழுந்து வந்துவிடும்; பக்கவாட்டில் கரும்பச்சை அப்படியே நிற்கட்டும். ஒரு பகுதியைக் கவாத்து செய்த பழுப்பு நிறக் கட்டைகளாக விட்டுவிட்டால் தோட்டம் உடனே உண்மையாகிவிடும்.

தூவுவதற்கான தூளை வீட்டிலேயே செய்யலாம். மெத்தைக் கடையில் வீணாகும் பஞ்சுநுரைத் துண்டுகளை வாங்கி, நீர் விட்டு மிக்சியில் அரைத்து, அக்ரிலிக் வண்ணத்தில் பிசைந்து வெயிலில் உலர்த்திச் சல்லடையில் மூன்று பருமன்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சமையலுக்குப் பயன்படும் மிக்சி ஜாரைத் தொட வேண்டாம் என்பதை வீட்டு அமைதி கருதியும் உடல்நலம் கருதியும் சொல்லி வைக்கிறேன். ஒரே பச்சையைச் செய்யாமல், குறைந்தது நான்கு பச்சைகளைச் செய்து, ஒன்றோடொன்று கலந்து தூவுங்கள்.

தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நிற்பவை பெரும்பாலும் சில்வர் ஓக் மரங்கள். கிளை கழிக்கப்பட்டு ஒல்லியாக நெடிதுயர்ந்திருக்கும். 20 மீட்டர் மரம் உங்கள் அளவில் கிட்டத்தட்ட 17 செ.மீ. வரும், கடையில் இந்த அளவுக்கு விற்கும் மரங்கள் அதில் பாதிகூட இருப்பதில்லை. தயங்காமல் உயரமாகச் செய்யுங்கள். மின்கம்பியின் மேலுறையை நீக்கி உள்ளிருக்கும் செம்பு இழைகளை முறுக்கினால் அடிமரமும் கிளைகளும் கிடைக்கும்; பிளாஸ்டரும் ஃபெவிகாலும் கலந்த குழம்பைப் பூசிச் சாம்பல் நிறம் தீட்டி, நுனிகளில் பாலியஸ்டர் பஞ்சை மிக மெல்லியதாக இழுத்துவிட்டுத் தூளைத் தூவுங்கள். சவுக்குக் குச்சியில் உங்களுக்குப் பிடிக்காமல் போனதற்குப் பஞ்சின் தடிப்பே காரணமாக இருக்க வேண்டும். இலைகளின் வழியே வானம் தெரியும் அளவுக்கு அது மெலிந்திருக்க வேண்டும்.

தடத்துக்கு மேலுள்ள காட்டை வேறு விதமாகச் செய்யலாம். அங்கே நாம் பார்ப்பது மரங்களின் மேற்கவிகைகளை மட்டும்தான், அடிமரங்களை அல்ல. எனவே தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சைக் கரும்பச்சையாக்கி, கோலிக்குண்டு முதல் எலுமிச்சை வரையிலான உருண்டைகளாகப் பிய்த்து, பசையில் தோய்த்துத் தூளில் உருட்டி, நெருக்கமாக ஒட்டிவிடுங்கள். பெரிய உருண்டைகள் முன்னால், சிறியவை பின்னால். வரிசையின் விளிம்பில் மட்டும் தண்டோடு கூடிய முழு மரங்கள் சில நின்றால் போதும். மரங்கள் எல்லாம் செங்குத்தாக நிற்கின்றனவா என்று ஒரு குண்டுநூலைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சரிவில் ஒட்டும்போது கை தானாகவே மரத்தைச் சரிவுக்கு நேர்க்குத்தாகச் சாய்த்துவிடும்.

சுவைக்கு என்ன வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். இந்த ரயிலில் மேலேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்; ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக் பணியாளர் நிற்பார். பச்சைக் கொடியோடு அந்த உருவங்களைச் செய்து வைத்தாலே பாதையை அறிந்தவர்கள் புன்னகைப்பார்கள். தடுப்புச்சுவரின்மேல் நான்கைந்து குரங்குகள். 1:120 அளவில் குரங்கு என்பது பழுப்பு நிறப் பசைத்துளிக்கு ஒரு வால், அவ்வளவுதான். கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஏழெட்டுப் பேர், ஒரே இடத்தில் கூட்டமாக.

பட்டறைக்காரர்

சில சேர்க்கைகள் மட்டும். மேலே யாரும் காகிதக்கூழைப் பரிந்துரைக்கவில்லை என்றாலும் நீங்கள் எப்படியும் அதை நாடுவீர்கள். மைதாப் பசையில் செய்தால் பூச்சியும் பூஞ்சையும் நிச்சயம் வரும். புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) சேர்ப்பது அதற்காகத்தான். ஆனால் அது நஞ்சு, உலோகத்தையும் அரிக்கும் என்பதால் தண்டவாளத்துக்கு அருகில் ஃபெவிகால் மட்டுமே போதும்.

பின்திரைக்கு ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்க வேண்டாம். அதன் பளபளப்பில் விளக்கொளி தெறித்து வானம் சுவராகிவிடும். வளையக்கூடிய ஹார்டுபோர்டு ஒன்றை மூலைகள் தெரியாதபடி வளைத்து நிறுத்தி, பளபளப்பற்ற சுவர் வண்ணத்தைக் கொண்டு மேலே இளநீலமாகவும் கீழே வரவர வெண்மையாகவும் தீட்டுங்கள். தொலைவு மலைகளை இரண்டு மூன்று வரிசைகளாக, ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளிறிய நீலமாக வரைந்தால் போதும், விவரங்கள் எதுவும் வேண்டாம். சரிவும் திரையும் சந்திக்கும் கோடு எப்போதும் சிக்கலானது. உங்கள் இடத்தில் மூடுபனி இயல்பானது என்பதால், அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே வெண்சாம்பலை ஸ்பாஞ்சால் ஒற்றி மறைத்துவிடலாம்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் தடத்தைப் பதித்து, சில வாரங்கள் ரயிலை ஓட்டிப் பார்த்து, எந்தக் குறையும் இல்லை என்று உறுதியான பிறகே மாவுக்கட்டுத் துணியைப் பிரிக்க வேண்டும். பாறை வெட்டுகளை ஒட்டுவதற்கு முன், உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டியின் மூலையில் பென்சிலைக் கட்டி வளைவில் தள்ளிக்கொண்டே போனால், பாறை எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதைப் பென்சில் கோடே சொல்லிவிடும். பாறையும் மண்ணும் முடிந்த பின் ஜல்லி, அதன் பின் தேயிலை, மரங்கள் கடைசியில். கை எட்ட வேண்டிய பின்பக்கத்தை முதலில் முடியுங்கள்.

ஜல்லிக்கு, 50 மி.மீ. கல் உங்கள் அளவில் 0.4 மி.மீ. ஆகும், ஆற்றுமணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்தால் அடியில் இறங்குவது ஏறத்தாழ அந்தப் பருமனில் இருக்கும். அதையும் காந்தத்தால் துழாவிய பின், உலர்ந்த தூரிகையால் கட்டைகளுக்கு இடையே சீராக்கி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி கலந்த நீரைத் தெளித்து நனைத்து, சரிபாதி நீர் சேர்த்த ஃபெவிகாலைச் சொட்டுக்குழாயால் ஓரத்திலிருந்து ஊறவிடுங்கள். இதற்கு முன் பற்சட்டத்தின்மேல் முழு நீளத்துக்கும் ஒட்டுநாடாவை ஒட்டி மூடிவிட வேண்டும். பற்களுக்கு நடுவே ஒரே ஒரு மணல் பசையோடு இறுகிவிட்டாலும் எஞ்சின் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் துள்ளும், அதை ஊசியால் நோண்டி எடுக்கும்போது பல்லும் உடைந்துவிட வாய்ப்புண்டு.